நெல்லைச் சீமையில் பெண்கள் இருக்கும் கூட்டத்தை எப்படி அழைப்பது? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வங்கிக் கிளை, பள்ளிக்கூடம், அரசு மருத்துவமனை, ஒன்றிய அலுவலகம், தொண்டு நிறுவனம் என்று ஏதேனும் ஒரு பணியின் பொருட்டுத் திருநெல்வேலிப் பக்கம் புதிதாக வருபவர்களுக்குத் தனி ஒருவரை அழைப்பதில் பெரிய சிக்கல் எதுவும் வருவதில்லை. பெயர் தெரிந்தால் பெயர், தெரியாவிட்டால் 'சார்', 'மேடம்' என்று சமாளித்துவிடலாம். கூட்டத்தின் முன்னால் நிற்கும்போதுதான் நாக்கு தடுமாறுகிறது. அதிலும் கூட்டம் முழுக்கப் பெண்களாக இருந்தாலோ, ஆணும் பெண்ணும் கலந்திருந்தாலோ, வாயில் முதலில் வரும் சொல் பெரும்பாலும் ஆண்களுக்கு மட்டும் பொருந்துவதாகவோ, பெண்களின் வயதையும் குடும்ப நிலையையும் ஊகித்துச் சொல்வதாகவோ அமைந்துவிடுகிறது. சென்னையிலிருந்து வரும் இளம் ஆசிரியர் வகுப்பில் நுழைந்ததும் "பசங்களா" என்கிறார். இந்த ஊர்க் காதுக்கு அது பயல்களை அழைப்பதாகவே விழும் என்பதால், பெண் பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். திரைப்படத்தில் நெல்லைப் பேச்சைக் கேட்டுப் பழகிய மற்றொருவர், சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் "என்ன மக்கா, எல்லாரும் வந்தாச்சா?" என்று தொடங்குகிறார், பெண்கள் முந்தானையால் வாயை மூடிச் சிரிக்கிறார்கள், அவரோ தன் பேச்சு எடுபட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்.

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மூன்றும் ஒரே மாவட்டமாக இருந்த பழைய நெல்லைச் சீமையை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். தூத்துக்குடி 1986இலும் தென்காசி 2019இலும் தனி மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டாலும், பேச்சுவழக்கு அந்த எல்லைக் கற்களைப் பார்த்து மாறுவதில்லை.

முதல் படி: அழைப்புச் சொல்லை விட்டுவிட்டு வினைச்சொல்லைச் சரிசெய்யுங்கள்

தமிழில் ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால் என்று ஐந்து பால்கள் உண்டு. ஆயினும் எதிரில் இருப்பவரைப் பார்த்துப் பேசும் முன்னிலைச் சொற்களில் ஆண், பெண் வேறுபாடு கிடையாது. 'நீங்கள்', 'வாருங்கள்', 'சொல்லுங்கள்' ஆகியவை யாரிடம் சொன்னாலும் ஒன்றுதான். ஒரு வாக்கியத்தில் ஆண் பெண் வேறுபாடு நுழைவது அதன் தலையிலோ வாலிலோ ஒட்டிக்கொண்டிருக்கும் விளியின் வழியாகத்தான்: டா, டி, ல, வே, அண்ணாச்சி, அம்மா. (அழைக்கும் சொற்களுக்கென்றே தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் 'விளிமரபு' என்று ஓர் இயலை ஒதுக்கியிருப்பதைப் பார்த்தால், இது இன்று முளைத்த தலைவலி இல்லை என்று தெரிகிறது.) ஆகவே முதல் சில வாரங்களுக்கு விளியைத் தொடவே வேண்டாம். "எல்லாரும் உள்ள வாங்க", "கொஞ்சம் இங்க கேளுங்க", "பாஸ்புக் யாரெல்லாம் கொண்டு வந்திருக்கீங்க?" என்று 'எல்லாரும்', 'யாரெல்லாம்' ஆகிய சொற்களைக்கொண்டே ஒரு முழுக் கூட்டத்தையும் நடத்தி முடித்துவிடலாம். கேட்பவர்களில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, மணமானவர் யார், மூத்தவர் யார் என்ற எந்தக் கணக்கும் உங்களுக்குத் தேவைப்படாது.

இதில் 'ங்க' என்ற ஓரெழுத்தும் பாதியும் மிகவும் முக்கியம். இருபத்தைந்து வயது அலுவலர் ஒருவர் ஐம்பது வயதுப் பெண்ணிடம் "இங்க வாம்மா" என்று சொல்லிவிட்டு, 'அம்மா' என்று மரியாதையாகத்தானே அழைத்தேன் என்று எண்ணிக்கொள்வதை அலுவலக முகப்புகளில் பலமுறை பார்க்கலாம். 'அம்மா' என்ற சொல் அங்கே மரியாதையைக் கொண்டுவரவில்லை; 'வா' என்ற ஒருமை அதைத் தின்றுவிட்டது. "வாங்கம்மா" என்பதே சரி. அதே அலுவலர் பக்கத்தில் நிற்கும் அதே வயது ஆணிடம் "வாங்கய்யா" என்று சொல்லியிருந்தால், பெண்கள் அந்த வேறுபாட்டை உடனே கவனித்துவிடுவார்கள். வெளியே சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

இதே இடத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தச் சீமையின் கிராமங்களில் வயதில் மூத்த பெண்ணைக்கூடச் சாதியைப் பார்த்து 'வா, போ' என்றும் பெயர் சொல்லியும் அழைத்த வழக்கம் நெடுங்காலம் இருந்தது. இன்றும் சில தெருக்களில் அது முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஒரே கூட்டத்தில் முன்வரிசைப் பெண்களுக்கு 'வாங்க', பின்வரிசைப் பெண்களுக்கு 'வா' என்று உங்கள் வாய் தன்னையறியாமல் பிரித்துவிட்டால், நீங்கள் எந்தத் தெருவின் பக்கம் நிற்கிறீர்கள் என்பதை அந்த ஊர் அன்றே முடிவு செய்துவிடும். எனவே வளர்ந்த பெண்கள் அனைவருக்கும் விதிவிலக்கின்றி 'ங்க' சேர்த்துப் பேசுங்கள்.

இரண்டாம் படி: உறவுச்சொற்களில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

சில வாரங்கள் கழிந்ததும் வெறும் 'எல்லாரும்' என்பது உங்களுக்கே சற்று வறட்சியாகத் தோன்றும். இந்த ஊர் உறவுச்சொல் கேட்டுப் பழகிய ஊர் என்பதால் எதிரில் இருப்பவர்களுக்கும் அப்படித் தோன்றலாம். அந்தக் கட்டத்தில் துணிந்து எடுக்கக்கூடிய சொல் 'அக்கா'. பேச்சில் அது 'யக்கா' என்றும் 'எக்கா' என்றும் முன்னால் ஓர் ஒலி சேர்ந்து வரும். யம்மா, யண்ணே, யாச்சி என்று மற்றவற்றுக்கும் அப்படியே. நீங்கள் அந்த ஒலியைப் போலச் செய்ய வேண்டியதில்லை, 'அக்கா' என்று சொன்னாலே போதும். உங்களைவிடச் சற்று இளையவரை 'அக்கா' என்றாலும் இங்கே யாரும் பெரிதாகக் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் உங்களைவிட ஐந்து வயது மட்டுமே மூத்தவரை 'அம்மா' என்றால் முகம் சுருங்கும். ஐயம் ஏற்படும்போதெல்லாம் ஒரு படி இளமையான சொல்லையே தேர்ந்தெடுங்கள்.

அத்தை, மாமி, மைனி ஆகிய சொற்கள் தமிழ் உறவுமுறையின் வேறொரு பக்கத்தைச் சேர்ந்தவை. அப்பாவின் உடன்பிறந்தவளையும் தாய்மாமன் மனைவியையும் குறிக்கும் அத்தை, மாமி ஆகிய சொற்களுக்கு, அவர்கள் பெற்ற மக்கள் உங்களுக்கு மணமுறை ஆகிறார்கள் என்ற உட்பொருள் உண்டு. மணமாகாத இளைஞர் ஒருவர் வயதுவந்த மகளை வீட்டில் வைத்திருக்கும் பெண்ணை விளையாட்டாக "அத்தை" என்று அழைத்தால், அந்தத் தெரு அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாது. அண்ணன் மனைவியைக் குறிக்கும் 'மைனி' என்ற சொல்லிலும் கேலிக்கும் கிண்டலுக்கும் உரிமை உண்டு. அந்த உரிமை கொழுந்தனுக்கு உரியது, கடன் விண்ணப்பத்தைச் சரிபார்க்க வந்த அலுவலருக்கு உரியதன்று. மாறாக, அக்கா, சித்தி, பெரியம்மா ஆகியவை உடன்பிறப்பு முறையையும் தாய் முறையையும் சேர்ந்தவை. 'சித்தி' என்று அழைத்தால் அவர் மக்கள் உங்களுக்குத் தம்பி தங்கை ஆகிவிடுகிறார்கள், யாருக்கும் மனத்தில் நெருடல் இல்லை. ஊர்க்காரர்கள் இந்தக் கணக்கை யோசித்துச் செய்வதில்லை, பழக்கத்தில் செய்கிறார்கள். புதியவர்தான் யோசித்துச் செய்ய வேண்டும்.

உறவுச்சொற்கள் இடத்துக்கு இடம் பொருள் மாறுவதையும் கவனியுங்கள். காரைக்குடிப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு 'ஆச்சி' என்பது வயதைப் பொருட்படுத்தாத மரியாதைச் சொல். நெல்லையில் ஆச்சி என்றால் பாட்டி. நாற்பத்தைந்து வயதுப் பெண்ணை இங்கே "ஆச்சி" என்று அழைத்துவிட்டு, அடுத்த வேலையாக அவரிடம் கையெழுத்து வாங்க முயலாதீர்கள். கோவையிலிருந்து வருபவர்களின் 'அம்மிணி' இங்கே அன்பாக விழாது, புதுமையாக விழும். சென்னையில் 'மாமி' என்ற சொல் ஒரு சமூகத்துப் பெண்களை மட்டும் நினைவூட்டும். தெற்கே அது பல சமூகத்தினரின் வீடுகளில் சாதாரண உறவுச்சொல். காயல்பட்டினம் போன்ற ஊர்களின் முஸ்லிம் வீடுகளில் அக்கா 'லாத்தா' ஆகவும் அண்ணன் 'காக்கா' ஆகவும் இருப்பார்கள். பாளையங்கோட்டை, நாசரேத் வட்டாரத்துச் சீர்திருத்தக் கிறித்தவச் சபைகளில் போதகரை 'ஐயர்' என்றும் அவர் மனைவியை 'ஐயரம்மா' என்றும் அழைப்பார்கள். இவற்றையெல்லாம் கேட்டுப் புரிந்துகொள்வது நல்லது. ஆனால் உடனே எடுத்துப் புழங்குவது நல்லதன்று. உறவுச்சொல் சாதியையும் மதத்தையும் காட்டிக்கொடுக்கும் ஊர் இது என்பதால், பல சமூகத்தவர் சேர்ந்திருக்கும் கூட்டத்தில் ஒரு சமூகத்தின் வீட்டுச்சொல்லை மட்டும் நீங்கள் சொன்னால் மற்றவர்கள் தங்களுக்கு இடமில்லை என்று எண்ணுவார்கள். அக்கா, அண்ணன், அம்மா, ஐயா ஆகிய நான்கும் எல்லாத் தெருவுக்கும் பொது.

மூன்றாம் படி: 'ஏலே', 'ஏட்டி', 'வே', 'மக்கா' ஆகியவற்றைக் காதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்

வெளியூர்க்காரர்களுக்கு நெல்லைத் தமிழ் என்றாலே இவைதான் நினைவுக்கு வருகின்றன. ஆகவே அவற்றை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம். 'ஏலே', 'என்னல', 'வால' என்று வரும் 'ல' ஆண்களை நோக்கியது. அப்பா மகனிடமும், அம்மா மகனிடமும், கூட்டாளி கூட்டாளியிடமும் சொல்வது. அன்பும் அதட்டலும் இரண்டும் அதில் அடங்கும், குரலை வைத்துத்தான் எது என்று பிரிக்க வேண்டும். பெண்களை நோக்கி அதே இடத்தில் வருபவை 'ஏட்டி', 'ஏளா' ஆகியவை. தாய் மகளையும், தோழி தோழியையும், மூத்தவள் இளையவளையும் அழைப்பதற்கு உரியவை. ஓர் ஆண், தன் வீட்டுப் பெண் அல்லாத ஒருத்தியை 'ஏட்டி' என்று அழைப்பது இங்கே சண்டையில் மட்டுமே நடக்கும். 'வே' என்பதும் அதனோடு இணைந்து வரும் 'நீரு', 'வாரும்', 'சொல்லும்' என்ற நடுத்தர மரியாதை வடிவங்களும் பெரும்பாலும் ஆண்கள் தமக்குள் புழங்குபவை, டீக்கடையில் இருவர் "என்னவே, ஆளையே காணோம்?" என்று பேசிக்கொள்ளும் அழகு பெண்கள் இருக்கும் கூட்டத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போகக்கூடிய அழகன்று. 'அண்ணாச்சி' மரியாதையான சொல்தான். ஆனால் அதற்கு இணையான பெண்பால் வழக்கு இல்லை. "அண்ணாச்சிமாரே" என்று ஒரு கலப்புக் கூட்டத்தைத் தொடங்கினால் பெண்களுக்கு எழுந்துபோகத் தோன்றும்.

'மக்கா', 'மக்களே' ஆகியவற்றின் கதை வேறு. அவற்றில் ஆண் பெண் வேறுபாடு இல்லை. வள்ளியூர், ராதாபுரம் எனக் குமரி எல்லையை நெருங்க நெருங்க அதிகமாகக் கேட்கும். ஒருவரைப் பார்த்தும் 'மக்களே' என்பார்கள். கலப்புக் கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எது என்று உங்களுக்குத் தோன்றக்கூடும். ஆனால் அது மூத்தவர் இளையவரைக் கொஞ்சும் சொல், அல்லது சம வயதுத் தோழமைச் சொல். இருபத்தெட்டு வயதுக் கிளை மேலாளர் அறுபது வயதுப் பெண்களைப் பார்த்துச் சொல்லும்போது வயது தலைகீழாகிவிடுகிறது. முன்னால் சொன்ன குழுக்கூட்டத்தில் பெண்கள் சிரித்தது அதனால்தான்.

பள்ளி வகுப்பறைக்கு மட்டும் ஓர் எளிய வழி உண்டு: 'பிள்ளைகளா' என்பது ஆண் குழந்தைகளுக்கும் பெண் குழந்தைகளுக்கும் பொதுவாக நின்றுகொள்ளும். ஆனால் தனியாக ஒருமையில் "ஏ பிள்ளை" என்றால் அது பெண்ணையே குறிக்கும் வழக்கு இங்கே உண்டு, ஆகவே பன்மையில் மட்டும் பயன்படுத்துங்கள். மேல்நிலை வகுப்பு வந்துவிட்டால் அதையும் குறைத்துக்கொள்வது நல்லது. பதினேழு வயதுப் பெண்ணும் பையனும் தங்களைப் பிள்ளைகள் என்று நினைத்துக்கொள்வதில்லை.

நான்காம் படி: பெண்கள் மட்டும் இருக்கும் கூட்டம்

முக்கூடல், ஆலங்குளம் வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்கள், சுற்றிய பீடியை ஒப்படைப்பதற்காகப் பீடிக்கடை முன்னால் கூடி நிற்கும் நேரத்தில், அனுபவமுள்ள ஒரு கடைக்காரர் எப்படிப் பேசுகிறார் என்று கவனித்தால் இந்தப் பாடம் முழுவதும் அங்கேயே கிடைக்கும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி கணக்கிடும் தொழில் அது. எண்ணிக்கை குறைந்தாலும் சுற்று தளர்ந்தாலும் வாக்குவாதம் வரும். வரிசையில் கல்லூரிக்குப் போய்க்கொண்டே சுற்றும் பெண்ணும் நிற்பாள், அவளுடைய ஆச்சியும் நிற்பார். கடைக்காரர் ஒருவரிடம் "யாச்சி, கட்டை இப்படிக் குடுங்க" என்கிறார். அடுத்தவரிடம் "யக்கா, ஒரு கட்டுல எண்ணம் குறையுது, நீங்களே பாருங்க" என்கிறார். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சொல். ஆனால் வரிசை முழுவதையும் நோக்கிப் பேசவேண்டி வந்ததும், "எல்லாரும் நோட்டை எடுத்து வச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டு எந்த விளியையும் சேர்க்காமல் நிறுத்திக்கொள்கிறார். வெவ்வேறு வயதுப் பெண்களை ஒரே சொல்லால் அழைத்தால் யாரேனும் ஒருவருக்கு அது பொருந்தாது என்பது அவருக்குத் தெரியும்.

'தாய்மார்களே' என்ற சொல்லை மேடைக்காரர்கள் விடமாட்டார்கள். "பெரியோர்களே, தாய்மார்களே" என்று ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டு நமக்கும் அது பழகிவிட்டது. ஆண்களுக்கு வயதால் மரியாதை, பெண்களுக்கு பிள்ளைப்பேற்றால் மரியாதை என்ற ஏற்பாடு அந்த இரண்டு சொற்களுக்குள் ஒளிந்திருப்பதை ஒருமுறை கவனித்துவிட்டால், பிறகு அதை அவ்வளவு எளிதாகச் சொல்ல வராது. முப்பது பெண்கள் இருக்கும் கூட்டத்தில் மணமாகாதவர், பிள்ளை இல்லாதவர், பிள்ளையை இழந்தவர் என யாரேனும் இருப்பார். பத்துப் பேர் சூழ உட்கார்ந்திருக்கும் திண்ணைக் கூட்டத்தில் மேடைச் சொல் தேவையும் இல்லை. 'குடும்பத் தலைவிகளே', 'இல்லத்தரசிகளே' என்பவற்றையும் இதே காரணத்துக்காக விட்டுவிடுங்கள். வயலில் நாற்று நட்டுவிட்டு நேராக வந்து உட்கார்ந்திருப்பவரை இல்லத்தரசி என்றால் அவரே சிரிப்பார்.

'சகோதரிகளே' என்பது சபை வழிபாட்டிலும் அரசியல் மேடையிலும் இயல்பாக ஒலிக்கும். ஊராட்சிக் கூடத்தில் சற்றுச் செயற்கையாக இருக்கும், ஆனால் யாரையும் புண்படுத்தாது. 'லேடீஸ்' என்பது நகரப் பேருந்தில் இருக்கையின் பெயராகவே நின்றுவிட்டது. நடத்துநர் "லேடீஸ் எல்லாம் முன்னாடி வாங்க" என்று சொல்வதை யாரும் தவறாக எண்ணுவதில்லை. அதே சொல்லை நீங்கள் கூட்டத்தில் சொன்னால் பேருந்து நினைவுதான் வரும். குழு உறுப்பினர்களிடம் பேசும்போது 'உறுப்பினர்கள்', நூறு நாள் வேலைத் தளத்தில் 'வேலைக்கு வந்திருக்கிறவங்க', பள்ளிக் கூட்டத்தில் 'பெற்றோர்' என்று அவர்கள் அங்கே எதற்காக வந்திருக்கிறார்களோ அந்தப் பெயரைச் சொல்லுங்கள். அதில் வயதும் இல்லை, தாலியும் இல்லை.

கூட்டத்தில் திருநங்கையர் இருந்தாலும் இதே ஒழுங்குதான். தமிழ்நாடு அரசு 2008இல் திருநங்கைகளுக்கென நல வாரியம் அமைத்த பின் 'திருநங்கை' என்ற சொல் அலுவலக வழக்கில் நன்றாக நிலைபெற்றுவிட்டது. ஆனால் அது ஒருவரைப் பற்றிக் குறிப்பிடும் சொல்லே தவிர, அவரைக் கூப்பிடும் சொல் ஆகாது. கூப்பிடும்போது மற்றப் பெண்களைப் போலவே "அக்கா, நீங்க சொல்லுங்க" என்றால் போதும். தனியாக எடுத்துக்காட்டி அழைக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: ஆணும் பெண்ணும் கலந்த கூட்டம்

கலப்புக் கூட்டத்தில் பாதிப் பிழை பார்வையிலிருந்தே தொடங்குகிறது. குளத்துக் கரையில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருக்கிறது. மண்வெட்டியும் சட்டியுமாகப் பெண்கள் வரிசையாக நிற்க, ஓரமாக ஒரே ஒரு முதியவர் உட்கார்ந்திருக்கிறார். ஜீப்பிலிருந்து இறங்கும் புதிய அலுவலர் நேராக அவரிடம் போய், "என்ன பெரியவரே, வேலை எப்படிப் போகுது?" என்கிறார். வருகைப் பதிவை வைத்திருக்கும் பணித்தளப் பொறுப்பாளர் அந்தப் பெண்களில் ஒருவர். முதியவரோ வெயிலுக்கு ஒதுங்கி உட்கார்ந்தவராகக்கூட இருக்கலாம். எனவே வாயைத் திறப்பதற்கு முன் கண்ணைக் கூட்டம் முழுவதும் ஒருமுறை ஓட்டிவிட்டு, "இங்க பொறுப்பு யாரு பாக்குறீங்க?" என்று பொதுவாகக் கேளுங்கள், விடை சொல்பவரை நோக்கி மேற்கொண்டு பேசுங்கள்.

ஊராட்சி மன்றக் கூட்டங்களில் இது இன்னும் கூர்மையாகிறது. உள்ளாட்சி அமைப்புகளில் பெண்களுக்கான இடஒதுக்கீட்டைத் தமிழ்நாடு 2016இல் ஐம்பது விழுக்காடாக உயர்த்திய பின், தலைவராகப் பெண்கள் இருக்கும் ஊராட்சிகள் ஏராளம். அவர்களுள் சிலர் பக்கத்தில் கணவர் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பதும் புதிதன்று. "தலைவரே" என்ற சொல்லைச் சொல்லும்போது உங்கள் முகம் யாரைப் பார்த்துத் திரும்புகிறது என்பதைக் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும். பதவிப் பெயருக்குப் பெண்பால் விகுதி தேட வேண்டிய தேவையும் இல்லை. 'தலைவர்', 'உறுப்பினர்', 'செயலர்', 'ஆசிரியர்' ஆகியவை இருபாலுக்கும் பொதுவாக நிற்பவை. ஊரார் அன்பாக 'தலைவரம்மா' என்பார்கள், நீங்களும் சொல்லலாம்; ஆனால் ஆண் தலைவரைத் 'தலைவர்' என்றும் பெண் தலைவரை வெறும் 'அம்மா' என்றும் அழைத்தால் பதவி ஒருவருக்கு மட்டும் போய்ச்சேர்கிறது.

உறவுச்சொல்லால் அழைப்பதென்றால் இருவரையும் சொல்லுங்கள், அல்லது இருவரையும் விட்டுவிடுங்கள். "அண்ணே, அக்கா, எல்லாரும் கொஞ்சம் உள்ள வாங்க" என்பது இந்த ஊரில் மிக இயல்பாக ஒலிக்கும். "அண்ணே, எல்லாரும் உள்ள வாங்க" என்றால் ஆண்கள் உள்ளே வருவார்கள், பெண்கள் வாசலில் நிற்பார்கள். அவர்கள் கூச்சப்பட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்று அலுவலர் நினைப்பார். கூச்சமே காரணமாக இருக்கலாம், ஆனால் அழைப்பில் இடம் கொடுத்துப் பார்த்த பிறகு அதைச் சொல்வதுதான் நியாயம். யாரை முதலில் சொல்வது என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எண்ணிக்கையில் பெண்கள் கூடுதலாக இருந்தால் அவர்களை முதலில் சொல்வது இயல்பு, அவ்வளவே.

ஆறாம் படி: கல்லூரியும் அலுவலகமும்

பாளையங்கோட்டையின் கல்லூரி வாசல்களில் கேட்கும் பேச்சு மேலே சொன்ன பலவற்றை மீறும். பெண்கள் தமக்குள் 'டா' போட்டுக்கொள்வார்கள், 'மச்சி' என்பார்கள், 'வாங்க கைஸ்' என்பார்கள். பையன்களும் பெண்களும் கலந்த நண்பர் குழுவில் 'ப்ரோ' எல்லாருக்கும் விழும். ஆங்கிலத்தில் 'கைஸ்' என்பது ஆண்களைக் குறித்துத் தொடங்கிப் பொதுவாக மாறிய சொல் என்றும், அது உண்மையில் பொதுவாகிவிட்டதா என்றும் அந்த மொழிக்காரர்களே இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இங்கே மாணவர்கள் அதை அந்த வாதம் இன்றி வெறும் அழைப்பொலியாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அவர்கள் தமக்குள் அழைத்துக்கொள்வதை வைத்து, ஆசிரியராகவோ மேலாளராகவோ நீங்களும் அப்படி அழைக்கலாம் என்று கணக்கிட வேண்டாம். தோழிகள் ஒருவரையொருவர் 'டா' என்பது சமநிலை. ஆண் மேலாளர் ஒரு பெண் ஊழியரை 'டா' என்பது, அன்பாகவே சொன்னாலும், அவரைச் சிறுபிள்ளையாக்குவது. அலுவலகக் குழுவுக்கு 'டீம்' என்ற சொல் இங்கேயும் பழகிவிட்டது, தாராளமாகப் பயன்படுத்துங்கள். நான்கு ஆண்களும் ஒரு பெண்ணும் உள்ள குழுவில் "வாங்கப்பா, டீ குடிக்கப் போவோம்" என்று சொல்லிவிட்டு, அந்த ஒரு பெண்ணிடம் மட்டும் தனியாகத் திரும்பி "நீங்களும் வாங்க மேடம்" என்று சேர்த்துக்கொள்வதைவிட, முதலிலேயே "எல்லாரும் வாங்க" என்பது சுருக்கம்.

எழுத்தில் வரும்போது

அறிவிப்புப் பலகை, சுற்றறிக்கை, வாட்ஸ்அப் குழுச் செய்தி ஆகியவற்றுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'அனைவருக்கும் வணக்கம்' என்பதைவிடச் சிறந்த தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. பெண்களும் இருக்கும் குழுவில் 'சகோதரர்களே', 'நண்பா' என்று தொடங்காதீர்கள். 'மாணவர்கள்' என்பது இலக்கணப்படி பொதுவானதே ஆயினும், 'மாணவ, மாணவியர்' என்று பள்ளிகள் எழுதுவது பழகிவிட்டதால், அதைச் சுருக்கினால் பெண் பிள்ளைகளை விட்டுவிட்டதாகச் சிலர் எண்ணக்கூடும். இரண்டு எழுத்துக் கூடினாலும் முழுதாகவே எழுதுங்கள். பெயர்ப் பட்டியலில் 'திருமதி', 'செல்வி' என்று பிரிப்பதற்காக ஒவ்வொரு பெண்ணிடமும் மணமாகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருப்பதைவிட, ஆண் பெண் இருவருக்கும் அடைமொழி இல்லாமல் பெயரை மட்டும் எழுதிவிடலாம்.

கடைசிப் படி: அவர்கள் உங்களை எப்படி அழைக்கிறார்கள் என்று கேளுங்கள்

எந்தச் சொல்லை எப்போது எடுக்கலாம் என்பதற்கு அவர்களே அடையாளம் காட்டுவார்கள். 'சார்', 'சார்வாள்', 'மேடம்' என்று அழைத்துக்கொண்டிருக்கும் வரை நீங்களும் 'எல்லாரும் வாங்க' என்ற எல்லைக்குள் இருங்கள். ஒருநாள் யாரோ ஒருவர் "தம்பி, அந்த ஃபாரத்தை நான் பூர்த்தி பண்ணிட்டேன்" என்பார். அன்றிலிருந்து அவரை 'அக்கா' என்று அழைக்கத் தடையில்லை. பெண் அலுவலராக இருந்தால், 'மேடம்' மெல்ல 'யம்மா' ஆகும்; குழுவின் மூத்த பெண்களில் வாய்த்துடுக்குள்ள ஒருவர், "ஏட்டி, சாப்ட்டியா?" என்று கேட்கும் நாளும் வரக்கூடும். அது அவமதிப்பு இல்லை, அவர் வீட்டுப் பெண்களின் கணக்கில் உங்களைச் சேர்த்துக்கொண்டார் என்று பொருள். ஆனால் அந்தச் சொல் மேலிருந்து கீழே மட்டுமே போகும். பதிலுக்கு நீங்களும் 'ஏட்டி' என்று சொல்லிவிடாதீர்கள். "சாப்ட்டேன்க்கா, நீங்க?" என்றால் போதும்.